அம்மா போனை விட்டுவிட்டாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் உன் அம்மாவும்தான். பழக்கதோஷத்தில் அப்படி எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும், உன் மாமனார் மாமியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் யாருக்கு, என்ன என்று உன் அம்மா குடைந்துவிடுவாள். போனில் சொல்லலாமே என்பாய். நம் வீட்டில் இருப்பது ஒரே போன். அது இப்போது துணி அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் இருக்கிறது. எதிர்வீட்டு நர்ஸின் போனை வாங்கிப் பேசினால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

கிறிஸ்துமஸில் ஆரம்பித்த கொண்டாட்டம் உன் கல்யாணம், விருந்து, அதற்குப் பதில் விருந்து என்று தவக்காலம் பிறக்கும்வரை ஓயவில்லை. வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒன்று கூடுதலாக நிற்கிறது. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. வாசலில் கட்டிய விளக்குச் சரத்தைக் கழற்ற நான் ஏணியில் ஏறியபோது, "விழுந்து கிழுந்து வைக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு அலைய என்னால முடியாது" என்று உன் அம்மா ரொம்ப அன்போடு சொன்னாள். நான் விழவில்லை.

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் அன்று கோயிலில் சாமியார் பிரசங்கத்தில், மனதுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை ஈஸ்டர் வரை விடுங்கள் என்றார். நான் வழக்கம்போல டீயில் சர்க்கரையை விட்டேன். எங்கள் பஸ் ஆயா, பிள்ளைகளைத் திட்டுவதை விட்டுவிட்டார். இப்போது என்னைத் திட்டுகிறார். எதிர்வீட்டு நர்ஸ் டிவி தொடர் பார்ப்பதை விட்டுவிட்டாள். தினமும் சாயங்காலம் வந்து உன் அம்மாவிடம் கதையை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறாள். உன் அம்மா போனை விட்டுவிட்டாள். கோயில் வாசலிலேயே, எல்லோரும் கேட்க, "ஈஸ்டர் வரைக்கும் எம் பொண்ணுகிட்ட போன்ல பேச மாட்டேன்" என்றாள். பெண்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த கையோடு இப்படி ஒரு தியாகமா என்று சாமியாரே அசந்துபோனார்.

எனக்குத்தான் உள்விஷயம் தெரியும். முந்தின நாள் நீ அவளிடம், "அம்மா, தினமும் நாலு தடவை கூப்பிடாதீங்க, இங்க ஒரு மாதிரி நினைக்கிறாங்க, நேரம் கெடைக்கறப்ப நானே கூப்பிடறேன்" என்று சொன்னாய். நீ சொன்னதில் தப்பில்லை. புது வீடு. வேலை நேரத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் சங்கடம்தான். உன் அம்மாவும் சரிம்மா என்றுதான் வைத்தாள். ஆனால் அப்புறம் தையல் மெஷினில் உட்கார்ந்து, ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இடது கையை வலது பக்கமும் வலது கையை இடது பக்கமும் வைத்துத் தைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படித் தைத்து நான் பார்த்ததில்லை. நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

மறுநாள்தான் இந்த அறிவிப்பு. நீ வேண்டாம் என்றதைத் தானே விட்டதாக ஆக்கிக்கொண்டாள். ரோஷக்காரி என்பது உனக்குத் தெரியாததா? நீயும் அதே ரகம்தான்.

அந்த வாரமே நீ கூப்பிட்டாய். அவள் எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை அலமாரி முன்னாலேயே நின்றாள். நான் கை நீட்டினேன், தட்டிவிட்டாள். சாமியிடம் சொன்னது சொன்னதுதானாம். பிறகு நீ நர்ஸைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு என்மேல் கோபமா என்று கேட்டாயாம். அவள், கோபமெல்லாம் இல்லை, தவக்காலத்துக்காகப் பேசாமல் இருக்கிறாள் என்றாளாம். அப்படியென்றால் ஈஸ்டர் வரைக்கும் நானும் தொந்தரவு செய்யவில்லை என்று நீ சொன்னாயாம். நர்ஸ் அதை வந்து அப்படியே ஒப்பித்தாள். அன்றிலிருந்து உன் அம்மா உன் பேச்சையே எடுப்பதில்லை. முன்பெல்லாம் உன்னைப் பற்றியே பேசிப் பேசி என் காதைப் புண்ணாக்குவாள். இப்போது வீடு கப்சிப் என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது எனக்கு. இரண்டு பேரும் இப்படியே பேசாமல் இருந்து, அதுவே பழகிப்போய்விட்டால் என்ன செய்வது?

போன சனிக்கிழமை சாமியாரைத் தனியாகப் பிடித்தேன். இதற்கு விதிவிலக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தவக்காலத்து நாற்பது நாளில் ஞாயிற்றுக்கிழமை சேராது, அது ஆண்டவர் உயிர்த்த நாள், அன்றைக்கு விரதம் கிடையாது என்றார். இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமையும் கசப்பு டீயைக் குடித்த மடையன் நான்! வீட்டுக்கு வந்து காற்றுவாக்கில் விஷயத்தைப் போட்டேன். "எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், போன் வெளியே வந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீயே கூப்பிடேன் என்றேன். "அவதான் கூப்பிடறேன்னு சொன்னா, நான் ஏன் கூப்பிடணும்?" என்றாள். நீயோ ஈஸ்டர் வரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மத்தியானம் ஒரு தடவை மணி அடித்தது. லோன் வேண்டுமா என்று கேட்கும் ஏதோ ஒரு கம்பெனிப் பெண். எப்போதும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டு வைத்துவிடுவாள். அன்றைக்கு அந்தப் பெண் ஒப்பித்தது முழுவதையும் கேட்டாள். கடைசியில், "ஞாயித்துக்கிழமையும் வேலையாம்மா? சாப்பிட்டியா?" என்று விசாரித்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டேன். ராத்திரி போன் பழையபடி போர்வைகளுக்கு அடியில் போய்விட்டது. மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடு. நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. ஞாயிறு கணக்கில் வராதென்று அங்கே கோயிலில் சொன்னார்கள் என்று சொல். அது பொய்யாகிவிடாமல் இருக்க, அங்கே யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுவிடு. எடுத்ததும் விறைப்பாகத்தான் பேசுவாள். என்ன விஷயம் என்பாள். விஷயம் ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல். அவளுக்கு அது போதும்.

பள்ளிக்கூட மணி அடிக்கப் போகிறது, பஸ் ஆயா முறைக்கிறார். உன் மாமனார் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல். உன்னையும் மாப்பிள்ளையையும் கடவுள் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லாதே, எனக்குப் போனில் என்ன பேசுவதென்று தெரியாது. அவள் எப்படியும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நான் பக்கத்தில்தான் இருப்பேன். சீக்கிரம் வைத்துவிடாதேம்மா.

என்றும் அன்புடன்,
அப்பா