எனக்கு இன்னும் முழுக் குணம் ஆகவில்லை

அனுப்புநர்:
த. அர்ச்சுனன் (வயது 46),
சூளைப் பணியாளர்,
ஆலடி ரோடு, விருத்தாசலம்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மணிமுத்தாறு தொழிலாளர் நல மருத்துவமனை,
விருத்தாசலம்.

பொருள்: மனச்சோர்வு நோய் – முழுக் குணம் எனக் கணினியில் தவறாக ஏற்றப்பட்டது – பகுதி குணம் எனத் திருத்தி, மாத்திரை தொடர்ந்து வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மருத்துவர் ஸ்ரீப்ரியா அவர்களின் குறிப்பு, நாள் 28.02.2008.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நோய் குணமாகவில்லை என்று புகார் சொல்பவர்களைத் தாங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். எனக்குக் குணமாகிவிட்டது என்று எழுதிவிட்டார்கள். அதுதான் என் புகார்.

1. நான் தொழிற்பேட்டையில் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சூளை பார்க்கிறேன். 2005 வைகாசியில் ஒருநாள் சூடு அளவுக்கு மேல் ஏறி, அடுக்கியிருந்த கட்டைகள் எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். முதலாளி திட்டினார். எனக்கு வெட்கமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. அப்படி ஒன்றும் வராததுதான் நோய் என்று தங்கள் மருத்துவமனைக்கு வந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

2. மூன்று மாதத்தில் தேறினேன். தேறிவிட்டோமே என்று மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். அடுத்த ஆண்டு ஆடியில் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. நாற்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். என் மனைவி பெரியம்மாள், வீட்டிலிருந்த கொடிக்கயிறு முதற்கொண்டு எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்ததைப் பின்னால்தான் அறிந்தேன்.

3. இப்போது நன்றாக இருக்கிறேன், ஐயா. தினமும் வேலைக்குப் போகிறேன். குழம்பில் உப்பு கூடினால் தெரிகிறது, சண்டையும் போடுகிறேன். கொடிக்கயிறு சென்ற தீபாவளிக்கு வீடு திரும்பிவிட்டது. ஆனால் விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது. கூட்டம் கண்டால் நெஞ்சு படபடக்கிறது. இந்த மாசி மகத்துக்குத் தேர் பார்க்கக் கிளம்பியவன் பாதி வழியில் திரும்பிவிட்டேன். இதைத்தான் மருத்துவர் அம்மா ‘பகுதி குணம்’ என்று சொல்லி, அதற்குரிய 296.35 என்ற நோய்க் குறியீட்டு எண்ணைத் தம் கையால் எழுதினார். இன்னும் ஒன்பது மாதமாவது மாத்திரையை விடக்கூடாது என்றும் எழுதினார்.

4. 06.03.2008 வியாழக்கிழமை மருந்து வாங்க வந்தபோது, என் கோப்பு முடிக்கப்பட்டுவிட்டதாகக் கணினி காட்டியது. டோக்கனும் இல்லை, மாத்திரையும் இல்லை என்றார்கள். எனக்குக் கடுங்கோபம் வந்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, நமக்குக் கோபம் வருகிறதே என்று நினைத்துச் சற்று நேரம் சந்தோஷப்பட்டேன்.

5. விசாரித்ததில், என் எண் 296.36 என ஏற்றப்பட்டிருந்தது. அது முழுக் குணத்துக்கு உரியதாம். ஏற்றியவர் ஆவணப் பிரிவு எழுத்தர் அம்சவல்லி அவர்கள். எங்கள் தெருக்காரர். கேட்டதும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “வூட்டுல அரிசி தீந்தாக்கூட இல்லன்னு சொல்றதில்லையேண்ணே, நெறஞ்சிருக்குதுன்னுதான சொல்றோம். பாதி கொணம்னு ஒங்க பேருக்கு நேரா எழுத எனக்குக் கை வரலைங்க.”

6. ஐயா, அவர் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களில் என் மனைவிக்குத் துணையாக வந்து உட்கார்ந்தவர் அவர். எனக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைத்ததைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை. ஆனால் நிறைந்திருக்கிறது என்று சொல்கிற வீட்டிலும் அன்றைக்கே கடைக்குப் போய் அரிசி வாங்கி வருகிறார்கள். எனக்கு அந்தக் கடையை அல்லவா சாத்திவிட்டார்கள்.

7. எங்கள் பட்டறையில் இன்னும் சுடாத பச்சைச் சாமானுக்கு ஓர் அலமாரி, முடிந்த சாமானுக்கு ஓர் அலமாரி. இடையில், ஒருமுறை சுட்டு மெருகு பூசாத சாமானுக்கும் தனி அலமாரி உண்டு. அதை யாரும் பழுது என்று ஒதுக்குவதில்லை. முடிந்தது என்று லாரியிலும் ஏற்றுவதில்லை. தங்கள் கணினியிலும் எனக்கு அந்த நடு அலமாரி போதும்.

8. நடந்ததைக் கேட்ட மருத்துவர் அம்மா, பேருந்து ஏறும் அவசரத்திலும் தம் பையிலிருந்து பதினான்கு மாத்திரைகள் கொடுத்தார். முடித்த கோப்பைத் திறக்கத் தங்கள் கையெழுத்து ஒன்றுதான் வழி என்றும் சொன்னார். அந்த மாத்திரைகள் வரும் புதன்கிழமையோடு தீர்கின்றன. மாத்திரை இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் பயப்படுகிறேன்.

ஆகவே, வியாழக்கிழமைக்கு முன் என் கோப்பைத் திறந்து, எண்ணைப் பழையபடி 296.35 எனத் திருத்தி, மாத்திரை கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அம்சவல்லி அவர்கள் இம்மனுவைப் படித்துப் பார்த்து, ஓரிடத்தில் பிழையும் திருத்திக் கொடுத்தார். அவரிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாசி மகத்தில் தேர் நிலைக்கு வந்து சேரும்வரை கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு, நேராகத் தங்கள் அலுவலகத்துக்கு வருவேன். மருத்துவர் அம்மாவும் சரி என்றால், அந்த 36ஐ அன்று அம்சவல்லி அவர்களே ஏற்றட்டும்.

இடம்: விருத்தாசலம்
நாள்: 14.03.2008

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) த. அர்ச்சுனன்

இணைப்பு: மருத்துவரின் குறிப்பு, நகல் ஒன்று.