துண்டில் போட்ட முடிச்சு

1943 ஆவணி, செவ்வாய் இரவு

சேலம் ரயில்வே யார்டில் ஒரு விசித்திரமான கூட்ஸ் வேகன் நின்றது. பழைய பாசஞ்சர் பெட்டியைத் தகரம் அடித்து மாற்றியிருக்கிறார்கள். ஜன்னல்களின் தடம் அப்படியே தெரிந்தது. மரத்தில் அதேபோல் சின்னதாக ஒரு பொம்மை வண்டி செய்யும் ஆசையில், தடத்துக்குத் தடம் துண்டில் முடிச்சுப் போட்டு அளந்தேன். போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார்.

"யுத்த நேரத்துல யாருக்குய்யா அளக்கறே?"

"அளக்கலீங்க. குழந்தை உடம்பு நல்லா இருக்கணும்னு சாமிக்கு வேண்டிப் போட்ட முடிச்சுங்க."

பயத்தில் வாய்க்கு வந்தது அதுதான். "நாளைக்கு ஊட்டுக்கு வந்து உன் சம்சாரத்தைக் கேக்கறேன்" என்று துண்டைப் பிடுங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "சாமி பேர்ல பொய் சொல்ல மாட்டேனுங்க. நெசமாவே வேண்டி முடிஞ்சுடுங்க" என்று மஞ்சள் துணியையும் காலணாவையும் நீட்டினாள்.

காசைத் துணியில் முடிந்துவைத்தேன். ஆனால் மனசு வேண்டியது குழந்தைக்காக அல்ல. நாளைக்கு என்னைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது என்றுதான். இதுவும் பொய்யாகிவிட்டதே, சாமி.