கொத்தனார், மாணவர்

மே 12, திங்கள்

காலையிலேயே அனல். முதல் ஷிஃப்ட். வாங்க வேண்டியது: அம்மாவுக்கு சுகர் மாத்திரை, கோதுமை மாவு, பாத்ரூமுக்கு பல்பு.

நைனா போய் இருபத்திரண்டு நாள். முப்பதாம் நாள் ஜெபத்துக்குள் கல்லறையில் கல் வைக்க வேண்டும். தம்பி டேவிட் ஆவடியிலிருந்து வாட்ஸ்அப்பில் வாசகம் அனுப்பியிருந்தான். அப்பா பெயர், வயது, கீழே 'சிவில் கான்ட்ராக்டர்'.

நைனா ஒரு கான்ட்ராக்ட்டும் எடுத்ததில்லை. கடைசிவரை கொத்தனார். நான் வேலை செய்யும் கம்பெனியின் காம்பவுண்டு சுவர் அவர் கட்டியது. சேர்ந்த புதிதில் தினமும் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

பதில் அனுப்பினேன்: 'கொத்தனார். மாணவர்.' உடனே போன்.

"இன்னாக்கா, வெளாடுறியா? எழுவத்தொம்போது வயசு ஆளுக்கு மாணவர்னு போட்டா பாக்கறவன் சிரிக்கமாட்டான்?"

"சிரிக்கட்டும். பரீட்ச எழுதப் போனப்பவும் சிரிச்சாங்க. அவுரு போவாம இருந்தாரா?"

வைத்துவிட்டான். நானும் மறுபடி கூப்பிடவில்லை.

மே 13, செவ்வாய்

மின்சாரம் இல்லை. மாடி அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த அறை. கல்யாணமாகி ஆறாவது மாதம் ஒரு பையோடு திரும்பி வந்தேன். ஏன் என்று நைனா கேட்கவே இல்லை. மறுநாள் வாசலில் செங்கல் இறங்கியது. பெரியம்மா வந்து, "பொண்ண ஊட்டோட வெச்சிக்கினா ஊரு இன்னா பேசும்?" என்றாள். நைனா மட்டப்பலகையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எம்பொண்ணுக்கு ஒரு ரூம்பு கட்ட முடியலன்னா நான் இன்னாத்துக்குக் கொத்தனாரு?"

தனிப் படிக்கட்டு, தனிச் சாவி. பதினாறு வருஷமாக இங்கேதான்.

அவர் படித்தது, நினைவுக்கு வந்தவரை: மூன்றாவதோடு நிறுத்தி மாடு மேய்க்க அனுப்பினார்கள். தெலுங்கு, சூளூர்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போனபோது, பஸ் போர்டு பார்த்துப் பார்த்து. ஆங்கில எழுத்து, எங்கள் பள்ளிப் புத்தகத்தில், வீட்டு பிளானில் இருப்பதை அடுத்தவரைக் கேட்காமல் படிப்பதற்காக. இந்தி, எழுபதை நெருங்கும்போது, ஒடிசாவிலிருந்து வந்த வேலையாட்களிடம். பதிலுக்கு இவர் அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். பிறகு எட்டாம் வகுப்பு. பிறகு பத்தாவது, தனித்தேர்வராக. எல்லாம் பாஸ், கணக்கு மட்டும் இல்லை. இந்த ஏப்ரலில் எழுதியது மூன்றாவது தடவை. எழுதிய நான்காம் நாள் நெஞ்சுவலி.

மே 14, புதன்

ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி பஜாரில் கல் வெட்டுகிறவரிடம் போனேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வயசு தப்பா எழுதிக்கினு வந்துட்டீங்களாம்மா?"

"இல்லீங்க, சரியாத்தான் இருக்குது."

"அப்ப மாணவர்?"

"அதுவும்தான்."

தலையைச் சொறிந்துகொண்டார். கறுப்புக் கல், வெள்ளை எழுத்து. திங்கள் தருவார்.

மே 16, வெள்ளி

ரிசல்ட். டீ பிரேக்கில் கேன்டீன் மூலையில் நின்று போனில் பார்த்தேன். நைனாவின் நம்பர் மனப்பாடம். அப்படியும் இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

31. முப்பத்தைந்து வேண்டும்.

எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று சுவரைப் பார்த்தே சொல்கிற மனிதர். மூன்றடி, நாலடி, அஞ்சடி என்று நூல் பிடித்தால் மூலை ஒரு நூல் விலகாது. அதையே தேற்றமாக நிரூபி என்று கேட்டிருக்கிறார்கள். பரீட்சை முடிந்து வந்து சொன்னார்: "படம் போட்டேம்மா. நான் கட்டின ஊட்டுக்கெல்லாம் மூல இப்பிடித்தான் புடிச்சேன், ஒண்ணும் கோணலன்னு எழுதிட்டு வந்தேன்." அதற்கு மார்க் போடவில்லை போல. போடாவிட்டால் போகட்டும். அந்த வீடுகள் நிற்கின்றன.

சாயங்காலம் டேவிட்.

"பாத்தியாக்கா? ஃபெயிலு. இப்பவாவது அந்த வார்த்தய எடுத்துடு."

"ஃபெயிலானா மாணவன் இல்லியா? நீ பிளஸ் டூவுல ரெண்டு வாட்டி போன. அப்ப நைனா உன்ன இன்னா சொன்னாரு?"

அந்தப் பக்கம் டி.வி.யை அணைத்தான்.

"சாப்ட வாடா, சோறு ஆறுதுன்னாரு," என்றான். "இருக்கட்டும்க்கா. அப்பிடியே வெட்டச் சொல்லு."

மே 20, செவ்வாய்

லேசான தூறல், பிறகு வெயில். லீவு போட்டேன். கல்லை டேவிட்டே வைத்தான். ஆள் வைக்க விடவில்லை. கலவையில் தண்ணீர் அதிகம். நைனா பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.

ஜெபம் முடிந்ததும் சபைப் பெரியவர் ஒருவர் கல்லைச் சத்தமாகப் படித்தார். "கொத்தனார். மாணவர்." பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாணவரா? பரீட்ச பாஸானாருங்களா?" என்றார் பெரியவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள். கூட்டத்தில் என்றைக்கும் பேசாத அம்மா.

"இல்லீங்க. நாலு மார்க்கு கொறச்சல்," என்றாள், கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "அடுத்த வாட்டி வாங்கியிருப்பாரு."