நாலாவது ரிமோட்

அக்கா,

இன்று காலை உன் ரிமோட்டிலிருந்து பேட்டரிகளைக் கழற்றினேன். சும்மா கிடந்தால் கசிந்து கெட்டுவிடும் என்று நீதான் சொல்வாய். கையில் மாட்டும் அந்த வாரில் இன்னும் தைல வாசம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குத்தி வீங்கிய மணிக்கட்டில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, அதோடே வந்து விளையாட நின்றவள் அல்லவா நீ. கொஞ்ச நேரம் அதை மூக்கருகே பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு அலுமாரியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்த விளையாட்டுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததே நீதான். நீ வேலை செய்த போட்டோகொப்பி கடை முதலாளியின் பிள்ளைகள் ஆடிச் சலித்த சாமான். டிவியில் பொருத்தி, ரிமோட்டைப் பிடித்து மேளம் அடிப்பதுபோல் கையை ஆட்டினால் திரையில் ஒரு மேடையில் நம் பொம்மை மேளம் அடிக்கும். நாலு ரிமோட்: நீ, உன்னைக் கட்டிய மாமா, உங்கள் மகள் தாரணி, நான். உன் பொம்மைக்குச் சிவப்புச் சட்டையும் சுருட்டை முடியும் தேடிப் போட்டாய். உனக்கு எந்தக் காலத்தில் சுருட்டை முடி இருந்தது என்று கேட்டதற்கு, "இங்கயாச்சும் இருக்கட்டும்டி" என்றாய்.

மஹய்யாவ ஊரில் நம் வீட்டு முன்னறையில் நாலு பேர் கையை நீட்டி நிற்க இடம் ஏது? பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தால் மேசையையும் கதிரைகளையும் தூக்கி வெளியே சந்தில் போடுவோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நம் கதிரைகளிலேயே உட்கார்ந்து, வாசல் வழியாக நம்மையே வேடிக்கை பார்ப்பார்கள். முதல் நாள் உன் கையிலிருந்து ரிமோட் பறந்துபோய்ச் சாமிப் படத்தின் கண்ணாடியை உடைத்தது. "முருகனையே அடிச்சுப்புட்டியேடி" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் எல்லாரும் ஒழுங்காக வாரை மாட்டினோம். டிவிக்கு மேலே ரிமோட்டின் அசைவைப் பிடிக்க இருக்கும் அந்தச் சின்னப் பட்டை வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம். அதற்கு முன்னால் வரும்போதெல்லாம் சேலையைச் சரி செய்துகொள்வாள். விளையாட மட்டும் கூப்பிட்டால் வரமாட்டாள்.

ஆடாதவர்களின் பொம்மை மேடைக்குக் கீழே கூட்டத்தில் போய் நிற்குமே, நினைவிருக்கிறதா? நடுவில் யாராவது ஹயருக்குக் கூப்பிட்டு மாமா த்ரீவீல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடினால், அடுத்த பாட்டில் அவர் பொம்மை கீழே நின்று நமக்குக் கை தட்டிக்கொண்டிருக்கும். அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பாய். நான் எப்போதும் தாளத்துக்கு முந்திக்கொண்டு அடிப்பேன். "அவசரப்படாத. ஒன்னோட எடம் வரும், அப்ப அடி" என்பாய், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

நீ போன பிறகு பெட்டியை யாரும் தொடவில்லை. வருஷ தெவசம் முடிந்து உறவுகள் போனதும் அம்மா என்னைக் குசினிக்கு, அடுப்பருகே கூப்பிட்டாள். "வேற ஒருத்தி வந்தா இந்தப் புள்ளய எப்படிப் பாப்பாளோ. நீன்னா பெத்தவ மாதிரி. மாமா ஒன்னும் கெட்டவரு இல்லையே" என்றாள். நம் சனத்தில் நடக்காத காரியமா? அக்கா போன வீட்டுக்குத் தங்கச்சி போவதை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறோம். ஆனால் எனக்கு அவர் மாமா. பள்ளிக்கூடம் போகும்போது என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நாளைக்கு யாரோ ஒருத்தி வந்து தாரணியை என்னிடமிருந்து பிரித்துவிடுவாளோ என்ற பயம். உன்மேல் கோபமாகக்கூட வந்தது. இதையெல்லாம் என் தலையில் போட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

போன ஞாயிறு தாரணி தானாகவே பெட்டியைத் தட்டித் துடைத்து டிவியில் மாட்டினாள். மாமா கதிரைகளை வெளியே எடுத்துப் போட்டார். மூன்று பேரும் ரிமோட்டைக் கையில் எடுத்தபோது அம்மா உள்ளேயிருந்து வந்தாள். என் கையிலிருந்ததை வாங்கி வைத்துவிட்டு, உன்னுடையதை என் மணிக்கட்டில் மாட்டினாள்.

"இது சும்மாதானே கெடக்கு. நீ இத எடுத்துக்க. அவ பொம்மையிலயே ஆடு. புள்ளைக்கும் சந்தோஷமா இருக்கும்."

அவள் பேசியது விளையாட்டைப் பற்றி மட்டும் இல்லை என்று மாமாவுக்கும் தெரிந்தது. அவர் தரையைப் பார்த்தார். அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. மறுக்க முடியாமல் பட்டனை அழுத்திவிட்டேன்.

உன் பொம்மை மேடையில் ஏறியது. என் கையை அசைத்தேன், உன் கை அசைந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது அக்கா.

பாட்டு தொடங்கியும் தாரணி ஆடவில்லை. திரைக்குக் கிட்டப் போய்க் கூட்டத்தில் எதையோ தேடினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சித்தி, அம்மா பொம்மைய நீங்க எடுத்துட்டீங்கன்னா, அம்மா எங்க நின்னு நம்மளப் பாக்குறது?"

நான் வாரைக் கழற்றினேன். "அம்மா, நான் இவளுக்குச் சித்தியாவே இருந்துக்கிறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றேன். மாமா தலையை நிமிர்த்தி, "விட்டுருங்க அத்தை. எனக்கும் இது மனசுக்கு ஒப்பல" என்றார். அம்மா திரும்பிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்றைக்குவரை அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. மாமா நாளைக்கு வேறு கல்யாணம் செய்துகொண்டால் தாரணி என்ன ஆவாள் என்று எனக்கும் தெரியாது. படுத்தால் அதுதான் நினைப்பு. நான் செய்தது சரியா என்று கேட்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

ஆனால் அன்றைக்கு நாங்கள் ஆடினோம் அக்கா. என் பழைய ரிமோட்டை எடுத்துக்கொண்டு, மூன்று பேராக, முதலிலிருந்து. உன் பழைய பேச்சைக் காதில் வைத்துக்கொண்டு நான் ஒரு தடவைகூட முந்தவில்லை. பாட்டு முடிந்ததும் தாரணி ஓடிப்போய்த் திரையில் விரலை வைத்தாள். கூட்டத்தின் முன்வரிசையில் சிவப்புச் சட்டையும் சுருட்டை முடியுமாக நீ நின்றுகொண்டிருந்தாய். எங்கள் மூன்று பேருக்கும் கை தட்டிக்கொண்டிருந்தாய்.