இரண்டு கார்டு கேமரா

ஜூலை 8, இரவு

அன்புள்ள அக்கா,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பதிலை என் தோழி வீட்டு முகவரிக்கு அனுப்பு. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அப்பாவின் கேமரா பை தொலைந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். பஸ்ஸில் மறந்துவிட்டதாக அப்பா சொல்லியிருப்பார். அவர் மறக்கவில்லை, அக்கா. வெளியூரில் இரண்டு நாள் போட்டோ வேலை முடித்து பஸ்ஸில் வந்தவர், பேட்டரியை சார்ஜரில் போட்டு, பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனார். விடியற்காலையில் நான்தான் பையை எடுத்துக்கொண்டு போனேன். பள்ளி விளையாட்டு விழாவில் படம் எடுக்க ஆசை. பையில் வேறொரு பேட்டரி இருந்தது. திரும்பும்போது பஸ் சீட்டுக்கடியில் வைத்தேன், மறந்து இறங்கிவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். சார்ஜரும் பேட்டரியும் வீட்டில் இருந்தால் கேமரா வீடு வந்து சேர்ந்தது தெரிந்துவிடும் என்று இரண்டையும் என் துணிகளுக்கு நடுவே ஒளித்துவிட்டேன்.

"எனக்குப் பையை வீட்டுக்குக் கொண்டு வந்த மாதிரிதான் இருக்கு"ன்னு அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். "ஆமா, கனவுல கொண்டு வந்தீங்க"ன்னு அம்மா சிரித்தாள். அதோடு சரி. இப்போது கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று ராத்திரியில் மூன்று முறை எழுந்து பார்க்கிறார்.

ரிப்பேர்கார மாமா கடையில் இரண்டு பழைய கேமராக்கள் இருக்கின்றன: ஒரு கேனான், ஒரு நிக்கான். கேனானில் அப்பாவுக்கு இருபது வருஷப் பழக்கம். சுத்தம் செய்யக் கொடுத்ததால் தப்பித்த லென்ஸும் அதற்குத்தான் பொருந்தும். ஆனால் அந்த நிக்கானில் இரண்டு மெமரி கார்டு போடலாமாம். ஒன்று போனாலும் படம் இன்னொன்றில் இருக்கும். "மறதிக்காரனுக்கு ரெண்டு கார்டுதான் சரி" என்கிறார் அப்பா. சனிக்கிழமை லென்ஸைக் கொடுத்துவிட்டு நிக்கானை வாங்கப் போகிறார்.

பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

உன் வாலு

ஜூலை 11

என் வாலுவுக்கு,

சாப்பிடுகிறாயா? எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகிறது.

நேற்று அப்பா என் ஆஸ்பத்திரிக்கே போன் செய்தார். வார்டு வேலையில் இருந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினார், அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, மறதிக்குன்னு தனியா டாக்டர் இருக்காங்களா?" என்றார். உன் கடிதம் என் பையில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

நான் சொல்ல மாட்டேன். நீ சொல்ல வேண்டும், சனிக்கிழமைக்கு முன்னால். திட்டுவார். திட்டட்டுமே.

அன்புடன்,
அக்கா

ஜூலை 15, இரவு

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. அன்று சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை பள்ளி விட்டதும் நேராக ரிப்பேர்கார மாமா கடைக்கு ஓடினேன்.

அப்பா நிக்கானைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேனான் பழக்கத்தில் ஜூம் வளையத்தைத் திருப்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகவே திருப்பினார். "விடுங்க, பத்து நாள்ல கை பழகிடும்" என்றார் மாமா. "என் கையையும் இனி நம்ப முடியாது போல" என்றார் அப்பா.

நான் சார்ஜரையும் பேட்டரியையும் மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையில் பாதி புரிந்திருக்காது.

அப்பா பேட்டரியைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்போ நான் பையை வீட்டுக்குக் கொண்டு வந்தேனா?"

"வந்தீங்கப்பா."

"சார்ஜும் போட்டேனா?"

"போட்டீங்கப்பா."

"கேட்டியாடா? சார்ஜும் போட்டிருக்கேன்!" என்று மாமாவின் தோளைத் தட்டினார்.

"பொண்ணு கேமராவைத் தொலைச்சுட்டு வந்து நிக்குது, இந்த ஆளு சிரிக்கிறாரு பாரு!" என்றார் மாமா.

அந்தச் சிரிப்போடு கேனானை வாங்கினார். ஆனால் வீடு வரைக்கும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "தொலைச்சதை மன்னிச்சுட்டேன். ஒளிச்சதை இன்னும் இல்ல."

"எப்பப்பா மன்னிப்பீங்க?"

"தெரியல. கேட்டுக்கிட்டே இரு."

இன்று இரண்டு முறை கேட்டேன், அக்கா.

உன் வாலு