கல்லில் எழுதாத வினைச்சொல்

25 அக்டோபர் 2025, சனிக்கிழமை, காலை 6.40 மணி
கிழக்குத் தாம்பரம்

பொருள்: கல்லறைக் கல்லின் வாசகம் குறித்து

என் அன்பு ஸ்டெல்லா,

ஏப்ரலில் நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. முன்பெல்லாம் எழுத அவசியம் நேர்ந்ததில்லை. குரல் கொடுத்தால் அடுப்படியிலிருந்து பதில் வரும்.

கல்லறைத் திருநாளுக்குள் உன் கல்லை நட்டுவிட வேண்டும் என்று நம் மகன் அருள் கனடாவிலிருந்து வாசகம் அனுப்பியிருந்தான்: 'ஸ்டெல்லா வாஸ் அ டீச்சர்.' நேற்று அதை எடுத்துக்கொண்டு பல்லாவரத்துக் கல் கடைக்குப் போனேன். அங்கே நின்றபடியே 'வாஸ்' என்பதை அடித்து 'இஸ்' என்று எழுதினேன். பிறகு அதையும் அடித்தேன்.

கல் வெட்டுபவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா சார், அட்ச்சி அட்ச்சி எய்திகினு கீற? காயிதத்துல அடிக்கலாம், கல்லுல முடியாது. இஸ்ஸா, வாஸா? ஒண்ணு சொல்லு சார்."

காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். மாலையில் அருளை அழைத்தேன்.

"'இஸ்' போட்டா தப்பு டாடி. மம்மியே சிவப்பு மையில சுழிச்சிடுவாங்க."

உண்மைதானே? நம் முன்னறையில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஆங்கிலம் நடத்துவாயே, அங்கே ஒருநாள் ஒருத்தி 'மை ஹஸ்பண்ட் கோவிலம்பாக்கம்' என்றாள்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் கோவிலம்பாக்கத்துல இருக்காரா, இல்ல அவரேதான் கோவிலம்பாக்கமா?" என்றாய் நீ.

"தமிழ்ல அப்படித்தானே டீச்சர் சொல்றோம்?"

"தமிழ்ல சொல்லிக்கோ. இங்கிலீஷ்ல நடுவுல ஒரு வினை நிக்கணும்."

அந்த வினைதான் இப்போது என்னை வதைக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். அதுவரை மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்திலோ உன் பெயரைச் சொன்ன கையோடு காலமும் வந்து நிற்கிறது. அந்தக் காலத்துக்கு நம் இலக்கணம் இட்டிருக்கும் பெயரைப் பார்த்தாயா? இறந்தகாலம். பள்ளியில் இதை எப்படி ஒன்றும் தோன்றாமல் மனப்பாடம் செய்தேன்?

இன்று விடிந்ததும் முடிவு செய்தேன். கல்லில் தமிழ்தான். 'ஸ்டெல்லா ஓர் ஆசிரியை. ஞானராஜின் மனைவி.' இரண்டிலும் வினை இல்லை. வினை இல்லாததால் காலமும் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை, நீயே ஒப்புக்கொள்வாய். உடனே அருளை அழைத்துச் சொன்னேன்.

"பசங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே டாடி," என்றான் அருள். நான் படித்துச் சொல்கிறேன் என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, டிசம்பரில் இங்கே வரும் பேரப்பிள்ளைகள் கல்லின் முன் நின்று ஆங்கிலத்தில் அர்த்தம் கேட்பார்கள். அங்கே வினை இல்லாமல் நான் தப்ப முடியாது. அதற்குள் 'வாஸ்' என்ற அந்த ஒரு சொல்லை, குரல் உடையாமல், சொல்லப் பழகிவிடுவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உன் கணவன்
ஞானராஜ்

இணைப்பு:
(அ) கல்லுக்கான தமிழ் வாசகம், ஒரு பிரதி.
(ஆ) அருள் அனுப்பிய ஆங்கில வாசகம், என் அடித்தல் திருத்தல்களுடன்.