குந்தின சாமி மடியில் இருந்த உன் செங்கல்

ஜவ்வாது மலை,
மாசி மாதம், 1979.

அன்பு மகன் சக்கரவர்த்திக்கு உன் அப்பா சின்னராசு எழுதிக்கொள்வது. குந்தின சாமி புண்ணியத்தில் நானும் இரண்டு மாடும் நாயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பனியில் நிற்கிற நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் காலையில் எழுந்ததும் வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. லடாக்கில் ஒரு கோயிலுக்குள் புத்தர் இரண்டு மாடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார், படியேறிப் போனால்தான் முகம் தெரிகிறது, நம்ம குந்தின சாமி முகம் மாதிரியே இருந்ததால் என்னை அறியாமல் சல்யூட் அடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய், படித்துச் சிரித்தேன். ஆனால் கடைசியில், இந்த வருடமும் லீவுக்கு வரவில்லை, அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்ததும் கடிதத்தை மடித்துக் கூரையில் செருகிவிட்டேன். புளி உலுக்குகிற வேலையால் பதில் எழுத முடியவில்லை என்று சொன்னால் அது பொய். இப்போதும் எழுதியிருக்க மாட்டேன், இங்கே ஒன்று நடந்துவிட்டது, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது.

நீ நினைத்தது சரிதான், நம்ம சாமியும் புத்தர்தானாம். மெட்ராஸிலிருந்து பழைய சிலைகளைப் பார்க்கிற ஆபீஸர் ஒருத்தர் ஆட்களோடு மலையேறி வந்து, உட்கார்ந்த வாக்கிலேயே இரண்டு ஆள் உயரம் இருக்கிறாரே என்று அளந்து பார்த்து வாயைப் பிளந்தாராம். அந்தக் காலத்தில் காஞ்சியிலிருந்து துறவிகள் இந்த வழியாக வந்து தங்கி, செங்கல்லால் பெரிய கோயில் கட்டி நடுவில் இவரை வைத்தார்களாம், அப்புறம் துறவிகளுக்குச் சோறு போட ஆள் இல்லாமல் போய், அவர்களும் போய், கூரை விழுந்து சுவர் இடிந்து, கடைசியில் கல்லாக இருந்த இவர் மட்டும் மழையில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். நாமும் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்றுதானே ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்கிறார்கள், அப்படியானால் நமக்கு முன்னாலேயே குடி வந்தவர் அவர். நம் முன்னோர் சாமை விதைக்கக் காட்டை வெட்டும்போது கொடிக்குள் இருந்து அவர் முகம் தெரிந்ததாம், யாருக்காகவோ காத்திருக்கிற முகமாக இருந்ததால் நாமும் அவரை அந்த வேலைக்கே வைத்துக்கொண்டோம். மலையை விட்டுப் போகிறவன் அவர் மடியில் ஒரு கல் வைத்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்ததும் தன் கையாலேயே அதை எடுத்துவிட்டுத்தான் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும், நடுவில் வேறு யாரும் தொடக் கூடாது, கல் காணாமல் போனால் போனவன் திரும்ப மாட்டான் என்பார்கள். இதில் நான் எவ்வளவு கறார் என்று உனக்கே தெரியும், பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் மகன் கோபால் குடகு காப்பித் தோட்டத்திலிருந்து கொட்டுகிற மழையில் ஓடி வந்தபோது அவன் வீட்டு வாசலிலேயே மறித்து, போய் மொதல்ல கல்ல எட்றா என்று திருப்பி அனுப்பினவன் நான்தான். அவள் இன்றைக்கும் அதைச் சொல்லி ஏசுகிறாள்.

நீ பட்டாளத்துக்குப் போன அன்று ஓடைக்குப் போய்க் கல் பொறுக்க நேரமில்லை என்று, சாமி காலடியில் கிடந்த பழைய செங்கல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் போனாய். மூன்று விரல் இழுத்த கோடு போட்ட செங்கல். எல்லாரும் கல்லு வெப்பாங்க, உன் புள்ள செங்கல்ல வெச்சிட்டுப் போறான், மழையில கரைஞ்சா இன்னா பண்றது என்று உன் அம்மா வீடு வருகிறவரை என்னைத்தான் திட்டினாள். அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் போய் அதன்மேல் இலை போட்டு மூடிவிட்டு வந்தாள், அவள் போன பிறகு நான் மூடினேன். இந்த ஆபீஸர் வந்த அன்று நான் புளி விற்க ஆலங்காயம் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சாமியைத் தேய்த்துக் கழுவி, போட்டோ பிடிக்க வேண்டும் என்று மடியில் இருந்த கல்லையெல்லாம் புதரில் கொட்டியிருந்தார்கள். கெங்கம்மாள் அழுதுகொண்டே பொறுக்கிக்கொண்டிருந்தாள், மறுபடி குடகு போயிருக்கிற கோபால் கல் கிடைத்தது, ஒவ்வொருத்தர் வீட்டுக் கல்லும் கிடைத்தது, உன் செங்கல் மட்டும் இல்லை. நான் முள்ளுக்குள் தவழ்ந்து தேடுவதைப் பார்த்துவிட்டு அந்த ஆபீஸரே வந்து, மற்றதெல்லாம் சும்மாக் கல்லு பெரியவரே, அந்தச் செங்கல் கோயில் கட்டின காலத்துச் செங்கல், செஞ்சவன் விரல் பதிஞ்சிருக்கு, மெட்ராஸ் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ள வெக்கப் போறோம் என்று, பஞ்சு வைத்துக் கட்டின பெட்டியைக் காட்டினார். அது என் புள்ள வெச்சதுங்க, அவன் வந்துதான் எடுக்கணும் என்றேன். சிரித்தார், பிள்ளை எங்கே என்று கேட்டார், லடாக்கு என்றதும் சிரிப்பை நிறுத்தினார். ஆனாலும் தரவில்லை, அது சர்க்கார் சொத்தாம், இத்தனை செங்கல் கிடக்கே, வேற ஒண்ணு வெச்சிடுங்க என்றார். வேற செங்கல் வெக்கிறதுக்கு வேற புள்ளையா இருக்கான் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நல்ல மனிதர்தான், அவருக்கு எப்படித் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. கெங்கம்மாள் என்னைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கிறது. ஊர்ப் பெரியவர் தாண்டவராயன், இனிமேட்டு கம்பி வேலி போட்டு போர்டு வைப்பாங்களாம், நம்மூருக்குப் பேருதான் என்று சந்தோஷப்படுகிறார். நான் பொழுது சாய்கிற வரை சாமி எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன். சாமைச் சோறு ஒருத்தனுக்கு வடிக்க இன்னும் கை பழகவில்லை, மிஞ்சினதை நாய் தின்கிறது. உன் அம்மா இருந்தபோது திட்டுவதற்காவது ஒரு குரல் இருந்தது, இப்போது மாட்டை அதட்டினால்தான் என் குரலே எனக்குக் கேட்கிறது. உனக்கு அம்மா இல்லாத வீடு என்றால் எனக்கும் அவள் இல்லாத வீடுதானப்பா, நான் அதில் தினமும் இருக்கிறேன்.

காலில் ஈரத்தோடு தூங்காதே, குளிருக்கு என்று குடித்துப் பழகாதே, அங்கே இருக்கிற பெரிய சாமிக்கு முடிந்தபோது ஒரு விளக்கு வை. நீயும் உன்னோடு இருக்கிற பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன் செங்கல் சாமி மடியில் இல்லை, அதற்காக மெட்ராஸில் இறங்கித் தேடிக்கொண்டு நிற்காதே. சாமியிடமும் போக வேண்டாம், எதையும் எடுக்க வேண்டாம், நேராக வீட்டுக்குள் வா. வழக்கத்தை மீறினான் என்று யார் கேட்டாலும், அந்தச் சாமியே கேட்டாலும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வாசலில் மறிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் உன் அப்பா,
சின்னராசு.